இருபத்தோராம் அத்தியாயம் உள்ள பிரதியை வாங்குங்கள்: 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' நாவலும் சமூகவிரோத ஆளுமைக் கோளாறும்

ஆண்டனி பர்ஜெஸின் 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' நாவலை வாங்க நினைப்பவர்கள், குறிப்பாகப் பழைய புத்தகக் கடையில் வாங்குபவர்கள், பணம் கொடுக்கும் முன் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிடுவது நல்லது. நூல் மூன்று பாகங்கள் கொண்டது. பாகத்துக்கு ஏழு அத்தியாயங்கள், மொத்தம் இருபத்தொன்று. மூன்றாம் பாகம் ஆறாம் அத்தியாயத்தோடு நின்றுவிட்டால் உங்கள் கையில் இருப்பது பழைய அமெரிக்கப் பதிப்பு. 1962இல் லண்டனில் ஹைனமன் நிறுவனம் முழு நாவலையும் வெளியிட்டது. அடுத்த ஆண்டு நியூயார்க்கில் நார்ட்டன் வெளியிட்டபோது இறுதி அத்தியாயம் நீக்கப்பட்டது. 1986இல்தான் அது அமெரிக்கப் பதிப்பில் திரும்பச் சேர்க்கப்பட்டது. சில பக்கங்கள்தானே என்று இதை ஒதுக்கிவிட முடியாது. கதை சொல்லும் அலெக்ஸ் என்ற இளைஞனை நாம் என்னவென்று புரிந்துகொள்கிறோம் என்பது எந்தப் பிரதியைப் படித்தோம் என்பதைப் பொறுத்தே அமைகிறது. உளமருத்துவத்தின் மொழியில் சொன்னால், பதிப்பு மாறினால் நோயறிதலே மாறிவிடக்கூடிய அபூர்வமான நூல் இது.

தமிழில் 'சைக்கோ' என்ற சொல்லைத் திரைப்பட வில்லன் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லோர் மீதும் ஒட்டிவிடுகிறோம். அந்தப் பழக்கத்தைச் சற்று ஒதுக்கிவிட்டு, ஒரு கற்பனைக் கொடியவனை மருத்துவ அளவுகோல்களின்படி பொறுமையாக அளந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு அலெக்ஸை விடப் பொருத்தமான பாத்திரம் எளிதில் கிடைக்காது. எதிர்காலத்து இங்கிலாந்து நகரம் ஒன்றில், ஒரு குழுவுக்குத் தலைவனாக இரவுகளில் திரிபவன் அவன். நூலகப் புத்தகங்களோடு நடந்துவரும் முதியவரை அடித்து, பொய்ப்பற்களைப் பிடுங்கி மிதிக்கிறார்கள். கடையைக் கொள்ளையடிக்கிறார்கள். திருடிய காரில் கிராமப்புறத்துக்குப் போய், ஓர் எழுத்தாளரின் வீட்டுக்குள் நுழைந்து, கணவன் கண்ணெதிரே மனைவியைக் கூட்டாக வன்புணர்கிறார்கள். மறுநாள் பள்ளிக்குப் போகாமல் தலைவலி என்று தாயிடம் பொய் சொல்லும் அலெக்ஸ், இசைத்தட்டுக் கடையில் சந்திக்கும் இரண்டு சிறுமிகளை வீட்டுக்கு அழைத்து வந்து சீரழிக்கிறான். அன்றிரவு பூனைகளோடு தனியே வாழும் ஒரு மூதாட்டியை அவன் தாக்க, அவர் இறந்துபோகிறார். முதல் பாகத்தின் முடிவில், காவல்நிலையத்தில் அந்தச் செய்தி தெரிந்த பிறகுதான் தன் வயதைச் சொல்கிறான்: பதினைந்து.

அந்த வயதை அங்கே கொண்டுபோய் வைத்தது பர்ஜெஸின் நுட்பம். நோயறிதலைத் தேடும் வாசகரும் அந்த இடத்தில் தடுமாறி நிற்க வேண்டியிருக்கிறது. அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கையேடான டி.எஸ்.எம்., சமூகவிரோத ஆளுமைக் கோளாறு என்று சொல்வதற்கு ஏழு அடையாளங்களைத் தருகிறது: கைதுக்கு உரிய செயல்களைத் திரும்பத் திரும்பச் செய்தல், பொய்யும் ஏமாற்றும், முன்யோசனையின்மை, அடிதடியில் முடியும் எரிச்சலும் ஆக்ரோஷமும், தன் பாதுகாப்பையோ பிறர் பாதுகாப்பையோ மதியாமை, தொடர்ந்த பொறுப்பின்மை, செய்ததற்கு வருந்தாமை. இவற்றில் குறைந்தது மூன்று பதினைந்து வயதிலிருந்து தொடர்ந்து காணப்பட வேண்டும். அலெக்ஸிடம் முன்யோசனையின்மை ஒன்றைத்தான் விவாதிக்கலாம். திட்டமிடுவதில் அவன் கெட்டிக்காரன். மற்றவை தாராளமாக இருக்கின்றன. ஆனால் அதே கையேடு, பதினெட்டு வயது நிறையாத எவருக்கும் இந்தப் பெயரைச் சூட்டக் கூடாது என்றும், பதினைந்து வயதுக்கு முன்பே நடத்தைக் கோளாறு தொடங்கியதற்குச் சான்று வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே முதல் பாகத்தின் அலெக்ஸ் எத்தனை கொடியவனாக இருந்தாலும் சமூகவிரோத ஆளுமைக் கோளாறு உடையவன் அல்லன். அவனுக்குப் பொருந்துவது நடத்தைக் கோளாறு என்ற, சிறுவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் உரிய பெயர்தான்.

இதை வெறும் சொல் விளையாட்டு என்று எண்ண வேண்டாம். நடத்தைக் கோளாறு உள்ள சிறுவர்கள் அனைவரும் வளர்ந்து சமூகவிரோத ஆளுமை உடையவர்களாக ஆவதில்லை. பெரும்பாலோர் ஆவதில்லை என்பதே நெடுங்கால ஆய்வுகள் காட்டுவது. ஒரு பதினைந்து வயதுப் பையனின் மீது மாறாத ஆளுமை என்ற முத்திரையைக் குத்திவிடக் கூடாது என்பதற்காகவே அந்த வயது வரம்பு வைக்கப்பட்டிருக்கிறது. நாவலில் வரும் பெரியவர்கள் யாரும் இந்தப் பொறுமையைக் காட்டுவதில்லை. டெல்டாய்ட் என்ற கண்காணிப்பு அதிகாரி, அடுத்த முறை திருத்தப்பள்ளி இல்லை, சிறைதான் என்று எச்சரிக்கிறார். அலெக்ஸின் தொல்லைகள் கதை தொடங்கும் இரவுக்கு வெகு முன்பே ஆரம்பித்துவிட்டன என்பதற்கு அந்த எச்சரிக்கை ஒரு தடயம். மருத்துவர் கேட்கும் முன்வரலாறு நமக்கு அதிலிருந்துதான் கிடைக்கிறது.

2013இல் வெளியான டி.எஸ்.எம். ஐந்தாம் பதிப்பு, நடத்தைக் கோளாற்றுக்குள்ளேயே ஓர் உட்பிரிவைச் சேர்த்தது. குற்றவுணர்ச்சியின்மை, பிறர் துன்பத்தில் இரக்கமின்மை, தன் படிப்பும் பணியும் பற்றிய அக்கறையின்மை, மேலோட்டமான உணர்ச்சிகள் ஆகிய நான்கில் இரண்டு ஓராண்டாவது நீடித்தால் அந்த உட்பிரிவு பொருந்தும். அலெக்ஸுக்கு இது தைத்துவைத்த சட்டை என்றுதான் தோன்றும். ஆனால் கையேடு இங்கே மற்றொரு நிபந்தனையையும் வைக்கிறது: சிறுவன் சொல்வதை மட்டும் நம்பாமல் பெற்றோர், ஆசிரியர், உறவினர் என்று பல தரப்பிலிருந்தும் தகவல் பெற வேண்டும். இந்த நாவலில் நம்மிடம் இருப்பது ஒரே ஒரு வாக்குமூலம். அதையும் குற்றவாளியே தருகிறான். அதுவும் நம்மைத் தன் சகோதரர்கள் என்று அழைத்து, தன்னைத் தாழ்மையான கதைசொல்லி என்று அறிமுகப்படுத்திக்கொண்டு தருகிறான்.

இரக்கமும் குற்றவுணர்ச்சியும் அற்ற 'சைக்கோபாத்' ஆளுமையை அளக்க, கனடிய உளவியலாளர் ராபர்ட் ஹேர் உருவாக்கிய பட்டியல் இருபது கூறுகளைக் கொண்டது. கூறுக்கு இரண்டு வீதம் உச்ச மதிப்பெண் நாற்பது, வட அமெரிக்காவில் பெரும்பாலும் முப்பதை வரம்பாகக் கொள்கிறார்கள். பெரியவர்களுக்கான அந்தப் பட்டியலின் தொடக்கத்தில் வருவது நாவன்மையும் மேலோட்டமான கவர்ச்சியும். அடுத்தது தன்னைப் பற்றிய மிகையான மதிப்பு. சிறையில் அலெக்ஸ் பைபிளை ஆர்வத்தோடு வாசிக்கிறான். மதகுரு மகிழ்ந்துபோகிறார். அவனோ, கிறிஸ்துவைச் சாட்டையால் அடிக்கும் ரோமானியனாகத் தன்னைக் கற்பனை செய்து ரசித்துக்கொண்டிருக்கிறான். மதகுரு ஏமாந்ததைக் கண்டு நாம் சிரிக்கும் நேரத்தில், அதே கவர்ச்சியில் நாமும் இருநூறு பக்கங்களை ஒட்டி விழுந்து கிடக்கிறோம் என்பது உறைப்பதில்லை. ஒரு கொடியவனை வெளியிலிருந்து விவரிக்கும் நாவல்களில் வாசகருக்கு இந்த அனுபவம் கிடைக்காது. மருத்துவக் கையேட்டிலும் கிடைக்காது.

அலெக்ஸ் பேத்தோவன் பித்தன். மொஸார்ட், பாக் ஆகியோரின் இசையையும் கேட்டு உருகுகிறான். கலையை இவ்வளவு ஆழமாக உணர்பவனிடம் எங்கோ மனிதநேயம் ஒளிந்திருக்க வேண்டும் என்று பல வாசகர்கள் இரங்குகிறார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை. அழகில் திளைப்பது வேறு, இன்னொருவரின் வலியை உணர்வது வேறு; ஒன்று இருந்தால் மற்றொன்றும் இருந்தாக வேண்டும் என்று எந்த அளவுகோலும் சொல்லவில்லை. இசை கேட்கும்போது அவன் மனத்தில் எழும் காட்சிகளும் மிதிபடும் முகங்கள்தான். பாரில் ஒரு பெண் பாடும்போது டிம் என்ற கூட்டாளி அசிங்கமாக ஒலியெழுப்பியதற்காக அவன் வாயில் குத்துகிறான் அலெக்ஸ். அவமதிக்கப்பட்ட இசைக்காகக் கொதிக்கத் தெரிந்தவனுக்கு அடிபட்ட நண்பன் ஒரு பொருட்டே இல்லை.

காரணம் என்ன என்ற கேள்வியை நாவல் வேண்டுமென்றே வறட்சியாக வைத்திருக்கிறது. தந்தை சாயத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார், தாய் அரசுக் கடையில் அலமாரிகளில் டின்களை அடுக்குகிறார். அடிப்பவர்கள் அல்லர், கைவிட்டவர்களும் அல்லர், மகனைக் கண்டு சற்றே அஞ்சும் சாதாரண மனிதர்கள். நல்ல வீடு, அன்பான பெற்றோர், மோசமில்லாத மூளை, பிறகு ஏன் இப்படி என்று டெல்டாய்ட் அங்கலாய்க்கிறார். கெட்டதற்குக் காரணம் தேடி நகம் கடிப்பவர்கள் நல்லதற்கு ஏன் காரணம் தேடுவதில்லை என்று அலெக்ஸ் உள்ளுக்குள் எள்ளுகிறான். மரபுக்கூறும் வளர்ப்பும் சூழலும் சேர்ந்தே இந்தக் கோளாற்றை உருவாக்குகின்றன என்று சொல்லும் இன்றைய உளமருத்துவம் இந்த எள்ளலை ஏற்காது. எனக்கும் அது பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் கெட்டிக்காரப் பேச்சாகவே படுகிறது. இருந்தாலும் பாத்திரத்தின் வாயில் அது கச்சிதமாகப் பொருந்துகிறது.

நாவலின் இதயம் இரண்டாம் பாகம். பதினான்கு ஆண்டுச் சிறைத் தண்டனையில் இரண்டு ஆண்டுகள் கழிந்த நிலையில், சக கைதி ஒருவனின் சாவுக்குக் காரணமாகும் அலெக்ஸ், 'லுடோவிகோ உத்தி' என்ற சோதனைச் சிகிச்சைக்குத் தேர்வாகிறான். சத்து மருந்து என்று நம்பவைத்து ஊசி போடுகிறார்கள். கண் இமைகளை மூடவிடாமல் பிடித்து வைத்து வன்முறைப் படங்களைக் காட்டுகிறார்கள். மருந்தால் வரும் குமட்டல் மெல்ல மெல்லக் காட்சியோடு பிணைந்துகொள்கிறது. இரண்டு வாரங்களில் வன்முறையை நினைத்தாலே வாந்தி வரும் நிலைக்கு அவன் தள்ளப்படுகிறான். படங்களோடு ஒலித்த பேத்தோவனும் சேர்ந்தே நஞ்சாகிறார்.

இதைப் பர்ஜெஸின் அதீதக் கற்பனை என்று இன்று படிப்பவர்கள் எண்ணக்கூடும். நூல் வெளிவருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1959இல், இங்கிலாந்து மற்றும் வேல்ஸின் மனநலச் சட்டம் 'சைக்கோபாதிக் கோளாறு' என்பதைச் சட்டச் சொல்லாகவே வரையறுத்திருந்தது. இயல்புக்கு மீறிய ஆக்ரோஷத்துக்கோ கடும் பொறுப்பின்மைக்கோ இட்டுச் செல்லும் நீடித்த மனக் கோளாறு என்றும், மருத்துவச் சிகிச்சை தேவைப்படுவது அல்லது சிகிச்சைக்கு உட்படக்கூடியது என்றும் அது கூறியது. 2007ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம்தான் அந்த வகையை நீக்கியது. குமட்டலையும் மின்னதிர்ச்சியையும் கொண்டு நடத்தையை மாற்ற முயன்ற வெறுப்பூட்டும் சிகிச்சை, அதே காலத்தில் பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் தன்பாலின ஈர்ப்புடைய ஆண்கள் மீது நடைமுறையில் இருந்தது. கெட்ட நடத்தை ஒரு நோய், நோய்க்கு மருந்து உண்டு என்ற நம்பிக்கை காற்றில் இருந்தபோது எழுதப்பட்ட நாவல் இது.

நோயறிதல் என்ற கண்ணாடி வழியாக அலெக்ஸைப் பார்ப்பவர்கள், இந்த இடத்தில் கண்ணாடியையும் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1980இல் வந்த டி.எஸ்.எம். மூன்றாம் பதிப்பிலிருந்து சமூகவிரோத ஆளுமைக்கான அளவுகோல்கள் பெரும்பாலும் வெளிப்படையான நடத்தையையே எண்ணுகின்றன. மருத்துவர்கள் ஒருவருக்கொருவர் முரண்படாமல் கணக்கிட அது வசதி. அப்படியானால் சிகிச்சைக்குப் பிறகு மேடையில் நிறுத்தப்பட்ட அலெக்ஸை எண்ணிப் பாருங்கள். ஒருவன் அவனை அவமானப்படுத்தித் தன் காலணியை நக்கும் நிலைக்குத் தள்ளுகிறான். அலெக்ஸ் திருப்பி அடிப்பதில்லை. சட்டமீறல் இல்லை, அடிதடி இல்லை, பிறர் பாதுகாப்புக்குக் கேடு இல்லை. பட்டியலின் ஏழில் பல கட்டங்கள் ஒரே நாளில் காலியாகிவிட்டன. அவனுக்குத் தேர்வு செய்யும் உரிமையே இல்லையே என்று சிறை மதகுரு மட்டும் எதிர்ப்புத் தெரிவிக்கிறார். நோக்கங்களைப் பற்றி எங்களுக்குக் கவலையில்லை, குற்றத்தைக் குறைப்பதே எங்கள் வேலை என்ற பொருளில், சிகிச்சையை நடத்தும் டாக்டர் பிராட்ஸ்கி பதில் சொல்கிறார். நடத்தையை மட்டும் எண்ணும் எந்தப் பட்டியலும் பிராட்ஸ்கியின் பக்கம்தான் சாயும்.

பட்டியலின் கடைசிக் கூறான வருந்தாமைதான் அவரைத் தடுக்கக்கூடிய ஒரே வாயிற்படி. பர்ஜெஸ் அதையும் சிக்கலாக்கிவிடுகிறார். விடுதலையான அலெக்ஸ், அடிபட்டு, தான் முன்பு சூறையாடிய அதே எழுத்தாளரின் வீட்டிலேயே அடைக்கலம் புகுகிறான். தன் மனைவி அந்தத் தாக்குதலுக்குப் பின் இறந்துபோனதை அந்த மனிதர் சொல்லக் கேட்கும்போது, அந்த இரவு அலெக்ஸின் நினைவுக்கு வருகிறது. உடனே குமட்டலும் தலைவலியும் எழுகின்றன. அது குற்றவுணர்ச்சியா, ஊசி மருந்தின் எச்சமா? அவனுக்கே தெரியாது. அருகிலிருந்து நாடி பிடிக்கும் மருத்துவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நாவலில் என்னை மிகவும் கலங்கடித்த பக்கம் இது. வன்முறைக் காட்சிகளைப் பற்றியே பேசும் மதிப்புரைகள் இதைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுகின்றன.

இன்றைய சிகிச்சை முறை வெகுதூரம் வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் 'நைஸ்' அமைப்பு 2009இல் வெளியிட்ட வழிகாட்டி, இந்தக் கோளாற்றுக்கு மருந்துகளை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்றும், குழுவாக அமர்ந்து சிந்தனையையும் நடத்தையையும் சீர்செய்யும் பயிற்சிகளைப் பரிசீலிக்கலாம் என்றும் பரிந்துரைத்தது.

இப்போது பதிப்புகளுக்கு வருவோம். இருபதாம் அத்தியாயத்தில், தற்கொலை முயற்சிக்குப் பின் மருத்துவமனையில் கிடக்கும் அலெக்ஸுக்குப் பழைய இயல்பு திரும்புகிறது. அமைச்சர் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்கிறார். பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி ஒலிக்க, உலகத்தின் முகத்தைச் சவரக்கத்தியால் கீறும் கனவில் அவன் மகிழ்கிறான். அமெரிக்கப் பிரதி அங்கே முடிந்தது. ஸ்டான்லி குப்ரிக் 1971இல் எடுத்த திரைப்படமும் அங்கேயே முடிந்தது. அந்த முடிவை ஏற்றால் நோயறிதல் தெளிவு: மாறாத, சிகிச்சைக்கு அடங்காத சைக்கோபாத். படத்தில் மால்கம் மெக்டவல் பதினைந்து வயதுப் பையனாகத் தோன்றவும் இல்லை. இசைத்தட்டுக் கடைச் சிறுமிகளும் வயது கூடியவர்களாக, தாமாக வருபவர்களாக மாற்றப்பட்டுவிட்டார்கள். குற்றவாளியின் வயதும் குற்றத்தின் கொடுமையும் ஒருசேர மழுங்கின. படத்தின் கலைத்திறனை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் படம் மட்டும் பார்த்தவர்கள் சந்தித்த அலெக்ஸ் வேறொருவன்.

இருபத்தோராம் அத்தியாயத்தில் அவனுக்குப் பதினெட்டு வயது. சமூகவிரோத ஆளுமைக் கோளாறு என்ற பெயரைச் சூட்ட டி.எஸ்.எம். அனுமதிக்கும் அதே வயது. பர்ஜெஸ் அந்தக் கையேட்டை வைத்து எழுதவில்லை, இருபத்தொன்று என்ற எண்ணை மனித முதிர்ச்சியின் அடையாளமாகக் கருதியே அத்தியாயங்களை அமைத்தார் என்பதால் இது தற்செயலே. புதிய கூட்டாளிகளோடு சுற்றுகிறான், ஆனால் அலுப்புத் தட்டுகிறது. பணத்தைச் செலவழிக்க மனம் வரவில்லை. பையில் செய்தித்தாளிலிருந்து வெட்டியெடுத்த ஒரு குழந்தையின் படம். பழைய நண்பன் பீட்டை மனைவியோடு சந்திக்கிறான். தானும் மணமுடித்து மகன் பெறுவதை எண்ணிப் பார்க்கிறான். மொஸார்ட் இந்த வயதில் எவ்வளவோ எழுதியிருந்தார் என்று கணக்கும் போடுகிறான்.

உளவியலாளர் டெரி மாஃபிட் 1993இல் முன்வைத்த வகைப்பாடு இங்கே உதவுகிறது. சிறுவயதிலேயே தொடங்கி வாழ்நாள் முழுதும் நீளும் சமூகவிரோதம் ஒரு வகை. வளரிளம் பருவத்தோடு எழுந்து அதோடு அடங்கும் சமூகவிரோதம் மற்றொரு வகை. முன்னது சிலரிடம், பின்னது பலரிடம். முழு நாவல் அலெக்ஸை இரண்டாம் வகையில் சேர்க்கச் சொல்கிறது. அவன் குற்றங்களின் கொடுமையை வைத்துப் பார்த்தால் அந்த இடம் அவனுக்கு எளிதில் பொருந்தாது என்பதே என் எண்ணம். பருவக் கோளாறு என்று சொல்லி மூதாட்டியின் சாவைக் கடந்துவிட முடியாது. ஊன்றிப் படித்தால் அந்த இறுதி அத்தியாயத்தில் அடிபட்டவர்கள் யாரையும் நினைத்து அவன் ஒரு வரிகூட வருந்துவதில்லை. தன் மகனும் இதையெல்லாம் செய்வான், தடுக்க முடியாது என்று அமைதியாக ஒப்புக்கொள்கிறான். சலித்துப்போனவன் திருந்தியவன் ஆகிவிடுவானா? நடத்தை அடங்கிவிட்டது, இரக்கம் இன்னும் பிறக்கவில்லை. பாத்திரங்கள் மாற இடமில்லாத கதை நாவல் ஆகாது, நீதிக்கதையாகச் சுருங்கிவிடும் என்று 1986 பதிப்பின் முன்னுரையில் பர்ஜெஸ் வாதிட்டார். கொள்கையளவில் ஒப்புக்கொள்கிறேன். எழுத்தளவில், முந்தைய அத்தியாயங்களின் கூர்மை இதில் இல்லை. மாற்றம் அவசரமாக வந்து சேர்கிறது. ஆனாலும் அலெக்ஸைப் பற்றிய தீர்ப்பை வாசகர் கையில் திறந்தபடி விடுவது இந்த அத்தியாயம்தான் என்பதால், இது இல்லாத பிரதியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

வாங்குபவர்களுக்குச் சில குறிப்புகள். ரஷ்யச் சொற்களை உருக்கிச் செய்த 'நாட்சட்' என்ற இளைஞர் கொச்சையில் கதை சொல்லப்படுவதால் முதல் முப்பது பக்கங்கள் கடினமாக இருக்கும். பழைய அமெரிக்கப் பிரதிகள் சிலவற்றில் பின்னிணைப்பாகச் சொற்பட்டியல் உண்டு. முதல் வாசிப்பில் அதைப் புரட்டாமல் இருப்பதே மேல், ஏனெனில் வன்முறையின் மீது அந்த மொழி போடும் திரை மெல்ல விலகுவதுதான் ஆசிரியர் திட்டமிட்ட அனுபவம். ஆய்வு நோக்கில் படிப்பவர்கள் 2012இல் ஆண்ட்ரூ பிஸ்வெல் பதிப்பித்த ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பைத் தேடலாம்; திருத்திய மூலப்பாடம், சொற்பட்டியல், தட்டச்சுப் பிரதியின் பக்கங்கள், பர்ஜெஸின் கட்டுரைகள் எல்லாம் அதில் உள்ளன. கதைக்காக மட்டும் படிப்பவர்களுக்கு இருபத்தொரு அத்தியாயங்கள் உள்ள எந்தச் சாதாரண பேப்பர்பேக்கும் போதும். பாலியல் வன்முறை வெளிப்படையாக வருவதால் பள்ளி மாணவர்களுக்கு இதைக் கொடுக்கக் கூடாது. அத்தகைய வன்முறைக்கு ஆளானவர்கள் முதல் பாகத்தின் இரண்டாம், நான்காம் அத்தியாயங்களைத் தாண்டிப் படிக்கலாம், கதையின் தொடர்ச்சி பெரிதாகக் கெடாது.